மாணவர்களின் ஆங்கிலத்துக்கு ஒரு வகுப்பு வலைப்பூ: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வலைப்பூ என்றால் பிளாக், எழுதியதை இணையத்தில் போட்டு மற்றவர்கள் படித்துப் பதில் சொல்லும் பக்கம். தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் எடுப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ட்யூஷன் நடத்துபவர்களுக்கும், வீட்டில் பிள்ளையை உட்காரவைத்து ஆங்கிலம் எழுதச் சொல்லிப் பார்க்கும் பெற்றோருக்கும் உதவும். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கேள்வி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

கட்டுரையைத்தான் நோட்டில் எழுதுகிறார்களே, அதையே வலைப்பூவில் எழுதினால் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?

நோட்டில் எழுதும் கட்டுரையைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். அதில் என்ன இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும், ஏனென்றால் அது கைடில் இருப்பது. பிள்ளை மனப்பாடம் செய்ததை இறக்கிவைக்கிறது. ஆசிரியர் டிக் அடித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போடுகிறார். எழுதியவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, படிப்பவருக்குத் தெரிந்துகொள்ளவும் ஒன்றும் இல்லை. பத்து வருடம் இப்படி எழுதிய பிள்ளை, பத்தாம் வகுப்பு முடித்த பிறகும் தன் வீட்டைப் பற்றி நாலு வரி சொந்தமாக எழுதத் தடுமாறுகிறது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

வலைப்பூவில் எழுதும்போது எதிரில் வேறொரு ஆள் வந்து உட்காருகிறார். அவருக்கு இந்த ஊர் தெரியாது, இந்தப் பிள்ளையைத் தெரியாது. அவருக்குத் தெரியாத ஒன்றை அவருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் மொழியை வளர்க்கிறது.

கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு வழியில் படிக்கும் பள்ளிகள் உண்டு. அவற்றை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அந்தப் பிள்ளைகள் வருடக்கணக்காகப் பிரெஞ்சு கேட்டார்கள், படித்தார்கள், நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு வரவில்லை. கேட்டதும் படித்ததும் போதவில்லை, தாங்களாக உருவாக்கிச் சொல்ல வேண்டிய நெருக்கடி போதுமான அளவுக்கு வாய்க்கவில்லை என்பது அவர் கண்டது. ஒன்றைச் சொல்ல முனையும்போதுதான் அதற்கான சொல் தன்னிடம் இல்லை என்பதே தெரியவருகிறது, தெரிந்த பிறகுதான் தேடத் தோன்றுகிறது. நம் வகுப்பறைகளுக்கு இது அப்படியே பொருந்தும். வகுப்பைவிட்டு வெளியே வந்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் தேவைப்படும் இடமே கிடையாது. அப்படி ஓர் இடத்தை நாமே உண்டாக்கித் தருவதுதான் வகுப்பு வலைப்பூ.

இது இன்டர்நெட் வந்த பிறகு கிளம்பிய யோசனையா?

யோசனை நூறு வருடம் பழையது. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்ட செலெஸ்தென் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியரால் நீண்ட நேரம் உரக்கப் பாடம் நடத்த முடியாது. 1920களில், தெற்கு பிரான்சில் ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில் அவர் ஓர் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே எழுதினார்கள், தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டனி பகுதியில் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போயின, அங்கிருந்தும் வந்தன. மலையடிவாரப் பிள்ளை கடலோரப் பிள்ளைக்குத் தன் ஊரை விளக்க வேண்டியிருந்தது. நாம் இன்று செய்யப்போவதும் இதுவேதான், தபால்காரருக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆங்கிலம் கற்பிக்க வலைப்பூ என்ற பேச்சு 2000களின் தொடக்கத்தில் வந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏரன் கேம்ப்பெல் 2003இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்: ஆசிரியர் நடத்தும் வலைப்பூ, ஒவ்வொரு மாணவருக்கும் தனி வலைப்பூ, வகுப்பு முழுவதும் சேர்ந்து எழுதும் வலைப்பூ. இன்றும் பலர் இந்தப் பிரிவையே பயன்படுத்துகிறார்கள்.

மூன்றில் நமக்கு எது சரி?

வகுப்பு வலைப்பூ. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆசிரியர் நடத்தும் வலைப்பூ நம் ஊரில் பெரும்பாலும் நோட்ஸ் பலகையாக முடிந்துவிடுகிறது: மாதிரி வினாத்தாள், விடைக்குறிப்பு, பாடத் திட்டம். பயனுள்ளதுதான், ஆனால் அதில் பிள்ளை எழுதவில்லை. தனித்தனி வலைப்பூ என்றால் நாற்பது பிள்ளைக்கு நாற்பது முகவரி, நாற்பது கடவுச்சொல். இரண்டாவது மாதமே பாதி காலியாகக் கிடக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் எழுதினால் வாரத்துக்கு இரண்டு பேர் எழுதினாலும் பக்கம் உயிரோடு இருக்கும். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படும். பாதுகாப்பும் உங்கள் கையில் இருக்கும்.

எந்தத் தளம்? செலவு ஆகுமா?

பிளாகர் இலவசம். கூகுள் கணக்கு இருந்தால் போதும், அன்றே தொடங்கிவிடலாம். 1999இல் வந்த தளம், பழைய மாதிரிதான் இருக்கும், ஆனால் நமக்குத் தேவையானது எல்லாம் உண்டு. வேர்ட்பிரஸ் இலவசக் கணக்கிலும் செய்யலாம். பள்ளிகளுக்கென்றே 2005 முதல் இயங்கும் எடுபிளாக்ஸ் என்ற தளமும் இருக்கிறது. இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். உங்கள் போனில் எது சுலபமாகத் திறக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் இரண்டு அமைப்புகளை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். ஒன்று, நீங்கள் ஒப்புதல் தராமல் எந்தப் பின்னூட்டமும் (படிப்பவர் பதிவின் அடியில் எழுதும் கருத்து) வெளியே வரக் கூடாது. இரண்டு, யார் படிக்கலாம் என்பது. பிளாகரில் எல்லோருக்கும் திறந்தும் வைக்கலாம், நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படியும் வைக்கலாம். முதல் பருவம் முழுக்க மூடி வைத்துவிட்டு, பழகிய பிறகு திறப்பது நல்லது.

எங்கள் பள்ளியில் நெட் ஒழுங்காக வராது, பிள்ளைகளிடம் போனும் கிடையாது. முடியுமா?

முடியும். எழுதுவது காகிதத்தில் நடக்கட்டும். தளத்தில் ஏற்றுவது மட்டும்தான் கருவியின் வேலை, அதற்கு உங்கள் போன் ஒன்றே போதும். பிள்ளை நோட்டில் எழுதித் திருத்திய பக்கத்தை ஹைடெக் லேப் பீரியடில் தட்டச்சு செய்யலாம். லேப் கிடைக்காத வாரத்தில் அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்துப் போடலாம். கையெழுத்தில் இருக்கும் பதிவைப் படிப்பவர்கள் இன்னும் ஆசையாகத்தான் பார்ப்பார்கள்.

பாகிஸ்தானின் மலாலா 2009இல் பிபிசி உருது தளத்தில் எழுதிய நாட்குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பதினொரு வயதுப் பெண், ஸ்வாத் பள்ளத்தாக்கில் இருந்து கையால் எழுதிக் கொடுத்தார். அதை ஒரு நிருபர் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினார். உலகம் படித்த வலைப்பதிவு ஒன்று காகிதத்தில்தான் தொடங்கியது.

வாரத்தில் ஒரு நாள், நெட் இல்லாமலே "காகித வலைப்பூ" நடத்துவதும் நல்ல பயிற்சி. பிள்ளைகள் எழுதியதைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எல்லோரும் நடந்து படித்து, சின்னத் துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அடியில் ஒட்டட்டும். தளத்துக்குப் போகும் முன் இரண்டு மூன்று முறை இதைச் செய்துவிட்டால், பின்னூட்டம் என்றால் என்ன என்பதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

எந்த வகுப்பில் தொடங்கலாம்?

எட்டும் ஒன்பதும் மிகவும் தோதானவை. சொல்ல விஷயம் இருக்கும் வயது, பொதுத்தேர்வு நெருக்கடியும் இல்லை. ஆறு, ஏழு என்றால் படத்துக்குக் கீழே இரண்டு வரி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஒன்பதில் தொடங்கியதைத் தொடரலாம்.

என்ன தலைப்புக் கொடுப்பது?

முக்கியமான கேள்வி இது. வலைப்பூ பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் தலைப்பில்தான்.

"மரம் வளர்ப்போம்", "நேரம் பொன் போன்றது", "நான் விரும்பும் தலைவர்" இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். இவற்றுக்கு ஆங்கிலத்தில் தயார் கட்டுரை எல்லாக் கைடிலும் இருக்கிறது. பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த, வேறு எங்கும் எழுதிவைக்கப்படாத விஷயமாகக் கேளுங்கள். மழைக்கு லீவ் விடுவார்களா என்று காலையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த கதை. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் எத்தனை கடை, எந்தக் கடையில் யார் உட்கார்ந்திருப்பார். குலதெய்வக் கோயிலுக்கு வேனில் போனபோது யார் யாருக்கு வாந்தி வந்தது. அம்மா வேலைக்குப் போகும் நாளில் வீட்டில் யார் எதைச் செய்கிறார்கள். கில்லி ஆடுவது எப்படி.

ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2012இல் 'நெவர்செகண்ட்ஸ்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினார். தினமும் பள்ளியில் கிடைத்த மதிய உணவைப் படம் எடுத்துப் போட்டு, பத்துக்கு எத்தனை மார்க், எத்தனை வாயில் தீர்ந்தது, உடம்புக்கு நல்லதா, சாப்பாட்டில் முடி கிடந்ததா என்று வரிசையாகக் குறித்தார். அவ்வளவுதான் அந்த வலைப்பூ. உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் தங்கள் பள்ளிச் சாப்பாட்டுப் படங்களை அவருக்கு அனுப்பினார்கள். அந்தப் பகுதி கவுன்சில் படம் எடுக்கத் தடை போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே விலக்கிக்கொண்டது. இந்தப் பரபரப்பில் ஏழை நாட்டுப் பள்ளிகளில் சமையற்கூடம் அமைக்கப் பெரும் தொகை நன்கொடையாகச் சேர்ந்தது.

மார்த்தாவுக்கு ஆங்கிலம் தாய்மொழி, நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் அவர் வைத்திருந்த அமைப்பை நம் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்கலாம். தினமும் அதே ஐந்து கேள்வி. பதில் மட்டும் மாறும். இன்று சத்துணவில் என்ன, என்ன நிறம், எது பிடித்தது, எதை மிச்சம் வைத்தாய், பத்துக்கு எத்தனை. ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால் எழுதத் தயங்கும் பிள்ளைக்கும் இரண்டாவது வாரத்தில் கை ஓடத் தொடங்கும். பிடித்த சாப்பாடு போட்ட நாளில் மார்க் ஏறுவதையும் பார்க்கலாம்.

ஒரு வரிகூட எழுத வராத பிள்ளையை என்ன செய்வது?

முதலில் தமிழில் சொல்லவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கதையைத் தமிழில் முழுதாகச் சொல்லட்டும். என்ன சொல்லப் போகிறோம் என்பது தெளிவான பிறகு, அதில் ஆங்கிலத்தில் தெரிந்த சொற்களை மட்டும் பலகையில் எழுதுங்கள். அப்புறம் பாதி எழுதிய வாக்கியம் நாலைந்து கொடுங்கள்: "எஸ்டர்டே ஐ சா...", "இட் வாஸ் வெரி...", "மை மதர் செட்..." பிள்ளை மீதியை நிரப்பட்டும்.

அதுவும் கடினம் என்றால் ஒரு படம், அதற்கு ஒரு வரி. ஒரு வரியும் ஒரு பதிவுதான். மற்றவர்கள் ஐம்பது சொல் எழுதும் பக்கத்தில் இவரது ஒரு வரியும் பெயரோடு நிற்க வேண்டும். எழுதத் தெரியாது என்று விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுவதும் பின்பெஞ்சிலேயே இருந்துவிடும்.

இரண்டு மூன்று தமிழ்ச் சொல் இடையில் வந்தால் விட்டுவிடுங்கள். கொழுக்கட்டைக்கும் கிடாவெட்டுக்கும் ஆங்கிலச் சொல் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். தமிழ்ச் சொல்லையே எழுதிவிட்டு, அது என்னவென்று அடுத்த வரியில் ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். அந்த விளக்க வரிதான் உண்மையான பயிற்சி.

தப்புத் தப்பாக எழுதியதை அப்படியே உலகம் பார்க்கப் போடலாமா? பள்ளிக்குக் கெட்ட பெயர் வராதா?

தலைமையாசிரியர்கள் முதலில் கேட்பதும் இதுதான். நியாயமான கவலை.

இரண்டு பக்கமும் விழாமல் போக வேண்டும். எல்லாத் தப்பையும் நீங்களே திருத்திப் போட்டால் அது உங்கள் ஆங்கிலம். பிள்ளை தன் பெயரில் வேறு யாரோ எழுதியதைப் பார்க்கும், அடுத்த முறை எழுதாது. ஒன்றையும் திருத்தாமல் போட்டால் படிப்பவருக்குப் புரியாது, பின்னூட்டமும் வராது.

இந்த விஷயத்தில் ஆராய்ச்சியாளர்களே பெரிய சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டாம் மொழியில் எழுதும் மாணவர்களின் இலக்கணப் பிழையைத் திருத்துவது பலன் தருவதில்லை, கெடுதலும் செய்கிறது, கைவிடுங்கள் என்று ஜான் ட்ரஸ்காட் 1996இல் எழுதினார். அளவாக, தேர்ந்தெடுத்து, தெளிவாகத் திருத்தினால் பலன் உண்டு என்று டேனா ஃபெர்ரிஸ் 1999இல் பதில் எழுதினார். வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்கு ஃபெர்ரிஸ் சொல்வதே வேலைக்கு ஆகும். ஆனால் ட்ரஸ்காட் எச்சரித்ததும் உண்மை. சிவப்பு மையில் குளித்த நோட்டைத் திரும்பப் படித்துக் கற்றுக்கொண்ட பிள்ளை அபூர்வம்.

ஒரு பதிவுக்கு இரண்டே வகைத் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அர்த்தத்தைக் கெடுக்கும் தப்பு, அது எதுவாக இருந்தாலும். இரண்டாவது, அந்த மாதம் நீங்கள் எடுத்துக்கொண்ட ஒரு இலக்கண விஷயம். அந்த இடங்களில் பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள், சரியான விடையை எழுதாதீர்கள். பிள்ளையே கண்டுபிடித்து மாற்றட்டும். மற்றவை அடுத்த மாதத்துக்கு.

எந்த இலக்கணத்தை எடுப்பது என்று தனியாக யோசிக்க வேண்டாம், பதிவுகளே காட்டிக்கொடுக்கும். தமிழ் வாக்கியத்துக்கு "இஸ்" தேவையில்லை என்பதால் "மை ஃபாதர் டெய்லர்" என்று வரும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் "த" (the) போல ஒரு சொல் தமிழில் கிடையாது என்பதால் "ஐ வென்ட் டு ஷாப் அண்ட் பாட் எக்" என்று வரும். "எனக்கு ரெண்டு அக்கா இருக்கிறார்கள்" என்பது "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று வரும். "பற்றிப் பேசினோம்" என்ற பழக்கத்தில் "டிஸ்கஸ்ட் அபவுட்" வரும். இவை சோம்பேறித்தனத்தால் வரும் தப்புகள் அல்ல. தமிழ் ஒழுங்காகத் தெரிந்த பிள்ளை செய்யும் தப்புகள். இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளின் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

பள்ளிப் பெயர் பற்றிய கவலைக்கு, பக்கத்தின் மேலே ஒரு வரி போதும்: இது ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்கள் எழுதுவது. இதைப் படித்தவர் யாரும் பிழையை வைத்து எடைபோட மாட்டார்கள்.

யார் வந்து படிக்கப் போகிறார்கள்?

அதை ஏற்பாடு செய்வதுதான் உங்கள் தலையாய வேலை. தளம், தலைப்பு, திருத்தம் எல்லாம் இதற்குப் பிறகுதான். வாசகர் இல்லாத வலைப்பூ இன்னொரு கட்டுரை நோட்டாகிவிடும்.

தமிழ் வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டியை 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய காலத்தில் தமிழில் வலைப்பூ எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவு பதிவைப் போட்டுவிட்டுக் காலையில் எழுந்ததும் பின்னூட்டம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாலு பேர் பதில் சொன்னால் அடுத்த பதிவு தானாக வரும். பெரியவர்களுக்கே அப்படி என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

வெளியே போகும் முன் உள்ளேயே தேடுங்கள். 'பி' செக்‌ஷன் இருக்கிறது. கல்லூரிக்குப் போன பழைய மாணவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குப் பள்ளி மேல் பாசம் இருக்கும், ஆங்கிலம் எழுதிப் பழக அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் ஆங்கிலம் எடுக்கும் உங்கள் நண்பர் ஒருவர் இருப்பார், அவர் வகுப்போடு சேர்ந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் போல்டன் நகரப் பள்ளி ஆசிரியர் டேவிட் மிட்செல் 2011இல் தொடங்கிய குவாட்பிளாகிங் முறை இதற்கு ரொம்பப் பொருத்தம். நாலு பள்ளிகள் ஒரு குழு. ஒரு வாரம் ஒரு பள்ளியின் முறை. அந்த வாரம் மற்ற மூன்று பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் படித்துப் பின்னூட்டம் இடுவார்கள். நாலு வாரத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். நம் ஊரில் நாலு ஆங்கில ஆசிரியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேசி இதைத் தொடங்கிவிடலாம். மலைப்பகுதிப் பள்ளி ஒன்றும் கடலோரப் பள்ளி ஒன்றும் சேர்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும், கேட்பதற்கு நிறைய இருக்கும்.

பிள்ளைகள் "சூப்பர்", "நைஸ்" என்று மட்டும் எழுதுகிறார்களே?

பின்னூட்டம் எழுதுவதையும் பாடமாக நடத்த வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பது மூன்று வரி: பதிவில் எந்த இடம் பிடித்தது என்று ஒன்று, அதேபோல எனக்கு நடந்தது என்று ஒன்று, ஒரு கேள்வி. "சூப்பர்" என்ற சொல்லுக்கு முதல் மாதம் தடை.

மூன்றில் கேள்விதான் மிகவும் வேலை செய்யும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கில்லி ஆடுவது எப்படி என்று ஆறு வரி எழுதினான். "வி டேக் ஒன் பிக் ஸ்டிக் அண்ட் ஒன் ஸ்மால் ஸ்டிக். வி ஹிட். ஸ்மால் ஸ்டிக் ஃப்ளை." இந்த ரகத்தில்தான் இருந்தது. வேறு பள்ளிப் பெண் ஒருத்தி அடியில் கேட்டாள்: குச்சி எவ்வளவு நீளம்? சின்னக் குச்சி மண்ணில் கிடக்கும்போது அதை எப்படி மேலே எழுப்புவது? யார் ஜெயித்தார் என்று எப்படித் தெரியும்? மறுநாள் அவன் வீட்டிலேயே இரண்டு குச்சியையும் ஸ்கேல் வைத்து அளந்து அங்குலத்தில் குறித்துக்கொண்டு வந்தான். சின்னக் குச்சியின் நுனி சீவியிருக்கும், அந்த நுனியில் தட்டினால்தான் எழும் என்பதை எழுத வேண்டியிருந்தது. "ஃபர்ஸ்ட்", "தென்", "இஃப்", "அன்டில்" எல்லாம் தேவைப்பட்டன. "இஃப் யூ டோன்ட் ஹிட் த ஷார்ப் எண்ட், இட் வில் நாட் ஜம்ப்" என்ற வரியை அவன் எழுதிய அன்று, நிபந்தனை வாக்கியம் என்று நான் பலகையில் எழுதிப் போட்டிருந்த பாடத்தை யாருக்கும் மறுபடி நடத்த வேண்டியிருக்கவில்லை. பதில் முதல் பதிவைவிட நீளமாக வந்தது. எழுது என்று யாரும் சொல்லவில்லை.

நீங்களும் பின்னூட்டம் இடுங்கள், ஆனால் ஆசிரியராக வேண்டாம். "குட், கீப் இட் அப்" என்பதற்குப் பதில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ளத் தோன்றுவதைக் கேளுங்கள். திருத்தத்தை ஒருபோதும் பின்னூட்டத்தில் செய்யாதீர்கள். அதற்கு நோட்டு இருக்கிறது.

கூகுள் ட்ரான்ஸ்லேட்டிலும் சாட்ஜிபிடியிலும் எடுத்துப் போட்டுவிட்டால்?

போடுவார்கள். தடை போட்டு இதை நிறுத்த முடியாது, ஆனால் தேவையைக் குறைக்கலாம். முதல் வடிவம் வகுப்பிலேயே, காகிதத்தில், உங்கள் கண் முன்னால் வரட்டும். தலைப்பு அவர்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. மார்க் இல்லை, தப்புக்குத் தண்டனை இல்லை என்று ஆனாலே ஏமாற்றும் காரணம் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு சொல்லுக்கு அகராதிபோல ட்ரான்ஸ்லேட்டைப் பார்ப்பதில் தவறில்லை. எழுதி முடித்த பிறகு, இந்த வாக்கியத்தில் எங்கே தப்பு என்று ஒரு கருவியைக் கேட்டுப் பார்ப்பதும் சரி. முழுப் பத்தியையும் தமிழில் கொடுத்து ஆங்கிலத்தில் வாங்குவதுதான் கூடாது. அப்படி வந்த பதிவை நீங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். வகுப்பின் முன் கேட்டு அவமானப்படுத்தாமல், "இந்த இரண்டாவது வரியில் என்ன சொல்ல வந்தாய், சொல்லு" என்று தனியாகக் கேளுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு?

இதில் சமரசமே கூடாது. முழுப் பெயர் வேண்டாம், முகம் தெரியும் படம் வேண்டாம், வீட்டு முகவரி, போன் நம்பர், தினமும் எந்த நேரத்தில் எந்தப் பஸ்ஸில் வருகிறார் என்பது எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். மலாலா 'குல் மகாய்' என்ற பெயரில் எழுதியதைச் சொன்னால் பிள்ளைகள் ஆசையாக வைத்துக்கொள்வார்கள். வகுப்புக்குள் யார் யார் என்று தெரியும், வெளியே தெரியாது.

கூகுள் கணக்குக்கு 13 வயதாக வேண்டும். ஆனால் வகுப்பு வலைப்பூவுக்குப் பிள்ளைகளுக்குக் கணக்கே தேவையில்லை, உங்கள் கணக்கிலிருந்து ஏற்றலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெற்றோருக்குத் தமிழில் ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். என்ன எழுதப்போகிறார்கள், யார் படிப்பார்கள், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது அதில் இருக்க வேண்டும். சம்மதிக்காத வீட்டுப் பிள்ளை காகித வலைப்பூவில் எழுதட்டும். அதைக் குறையாக உணரவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் மனம்விட்டு எழுதத் தொடங்கினால் வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி, கடன் எல்லாம் எழுத்தில் வரும். அது உங்களை நம்பி எழுதியது. வலைப்பூவில் போடாதீர்கள், அந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள்.

பரீட்சைக்கு இதனால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

நேரடியாகவே பதில் சொல்லலாம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஒரு படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லும் கேள்வி உண்டு, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தும் கேள்வி உண்டு, கடிதம் உண்டு. படத்துக்குக் கீழே வரி எழுதிப் பழகியவருக்கும், தன் பதிவில் பென்சில் கோடு போட்ட இடத்தைத் தானே திருத்திப் பழகியவருக்கும் இவை புதிதாக இருக்காது. மனப்பாடப் பகுதிக்கு வலைப்பூ உதவாது. அதை உதவும் என்று சொல்லி யாரையும் சேர்க்க வேண்டாம்.

மார்க் போடலாமா?

வேண்டாம். எழுதினாரா, இரண்டு பேருக்குப் பின்னூட்டம் இட்டாரா என்று மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பேசவும் வந்துவிடுமா?

வலைப்பூவால் மட்டும் வராது. தன் பதிவை உரக்கப் படித்து, போனில் பதிவு செய்து, அந்த ஒலியையும் சேர்த்துப் போடச் சொன்னால் வாய் திறக்கும் பழக்கம் வரும். பேச்சுக்குப் பேச்சுதான் பயிற்சி.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

வகுப்பில் ஒரு பீரியட். உங்கள் பக்கம் இன்னொரு மணி நேரம். எல்லோரையும் எல்லா வாரமும் எழுதச் சொன்னால் உங்களால் தாங்க முடியாது. வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து வாரம் ஒரு குழு எழுதட்டும், மற்ற மூன்று குழுக்களும் படித்துப் பின்னூட்டம் இடட்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு சமயத்தில் நிறுத்திவைத்துவிட்டு, லீவ் முடிந்து வந்ததும் "லீவில் என்ன செய்தாய்" என்ற பதிவோடு மறுபடி தொடங்கலாம்.

வருடம் முடிந்ததும் வலைப்பூவை என்ன செய்வது?

பிளாகரில் முழு வலைப்பூவையும் ஒரு கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளும் வசதி உண்டு, முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையின் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் ஒரே தாளில் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தன்று கொடுத்தால் இன்னும் நல்லது. ஆங்கிலம் தெரியாத அம்மாவும் மூன்று வரியாக இருந்தது முக்கால் பக்கம் ஆகியிருப்பதைப் பார்த்துவிடுவார். யாராவது தன் பதிவை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். மீதியை அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி மூடிவையுங்கள். அடுத்த ஜூனில் வரும் வகுப்புக்குப் புதிய வலைப்பூ தொடங்குங்கள், பழைய வகுப்பை முதல் வாசகர்களாக அழையுங்கள்.